கறுப்பு வெள்ளை ஃபிலிம் பழகும் மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களோடு இருட்டறையில் நிற்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஈரம் சொட்டும் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது ஏன் இப்படி வந்திருக்கு?" என்று கேட்காத ஆளே இல்லை. அந்தக் கேள்விக்கும் அதற்கு முன்னும் பின்னும் வருகிற மற்ற கேள்விகளுக்கும் வழக்கமாக நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே 35 மி.மீ. ஃபிலிமை மனதில் வைத்து எழுதியவை.

போனிலேயே கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கலாமே, எதற்கு இவ்வளவு பாடு?

தாராளமாக எடுக்கலாம். படம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஃபிலிம் தேவையே இல்லை. "ஃபிலிமில் உயிர் இருக்கிறது" என்று உருகுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பழகுகிறவருக்கு ஃபிலிமால் கிடைக்கிற லாபம் வேறு. போன் நமக்குக் காட்டும் படம், நாம் பார்ப்பதற்கு முன்பே திருத்தப்பட்டது. நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, சில சமயம் பல படங்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் கையில் கொடுக்கிறது. ஃபிலிமில் நீங்கள் செய்த தப்பு செய்தபடியே இருக்கும். யாரும் நடுவில் புகுந்து மறைக்க மாட்டார்கள். அதோடு ஒரு ரோலுக்கு 36 படம்தான், எடுத்ததை அழிக்கவும் முடியாது. அதனால் ஷட்டரை அமுக்கும் முன் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

எந்த கேமரா வாங்கலாம்?

எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்கிற, பழைய எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) ஒன்று. பென்டாக்ஸ் கே1000 (1976 முதல் 1997 வரை தயாரானது), நிக்கான் எஃப்எம், எஃப்எம்2 இவையெல்லாம் மாணவர்களிடம் அடிபட்டுப் பிழைத்தவை. இவற்றின் ஷட்டர் பேட்டரி இல்லாமலே ஓடும். பேட்டரி தீர்ந்தால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் மட்டும் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கேனான் ஏஇ-1 நல்ல கேமராதான், ஆனால் அதில் பேட்டரி செத்தால் கேமராவும் செத்தது. கே1000-இல் மீட்டரை அணைக்க பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி மிஞ்சும்.

பெயரை விட, கையில் இருக்கிற கேமரா எந்த நிலையில் இருக்கிறது என்பது முக்கியம். வாங்கும் முன் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் இல்லாமல், 1 நொடி, 1/30, 1/125, 1/1000 என்று வரிசையாக அமுக்கிக் கேளுங்கள். வேகம் மாறும்போது சத்தமும் மாற வேண்டும். 1 நொடி வைத்தால் ஏறக்குறைய ஒரு நொடி திறந்திருக்க வேண்டும், பாதியில் நின்றுவிடக் கூடாது. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். லென்ஸின் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பின்கதவின் ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். அது பிசின் மாதிரி விரலில் ஒட்டினால் வெளிச்சம் உள்ளே கசியும். ஆனால் அது மாற்றக்கூடியதுதான், அதற்காக நல்ல கேமராவை விட்டுவிட வேண்டாம். ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்ற சில கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும்.

லென்ஸ்? 50 மி.மீ. ஒன்று போதும். ஜூம் வேண்டும் என்று தோன்றினால் இரண்டடி முன்னே போங்கள்.

எந்த ஃபிலிமில் தொடங்குவது?

ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் (வெளிச்சத்தை ஃபிலிம் எவ்வளவு வேகமாக உணரும் என்பதைச் சொல்லும் எண் அது). இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் அல்லது கோடாக் ட்ரை-எக்ஸ். இரண்டில் எது உசத்தி என்று விடிய விடியச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கிடைப்பதை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுங்கள். ட்ரை-எக்ஸ் 35 மி.மீ. வடிவில் 1954இல் வந்தது. தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும் குணம் இரண்டுக்கும் உண்டு. டி-மேக்ஸ், டெல்டா போன்ற ஃபிலிம்களின் கிரெயின் (படத்தில் தெரியும் துகள்) நுணுக்கமாக இருக்கும், ஆனால் கழுவும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். அவை அப்புறம்.

நான் கண்டிப்பாக இருப்பது ஒரு விஷயத்தில்தான். முதல் பத்து ரோல் வரை ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்). ரோலுக்கு ரோல் மாற்றினால், படம் கெட்டது ஃபிலிமாலா, ரசாயனத்தாலா, உங்கள் கையாலா என்று ஒருநாளும் தெரியாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இல்ஃபோர்டு எக்ஸ்.பி.2 சூப்பர் என்று ஒன்று இருக்கிறது. பெட்டியைப் பார்த்தால் மற்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் போலவே இருக்கும். அது கலர் ஃபிலிம் கழுவும் சி-41 முறைக்கானது. நல்ல ஃபிலிம்தான், ஆனால் நீங்களே டேங்கில் (ஒளி புகாத மூடிய டப்பா) கழுவிப் பழக வாங்க வேண்டியது அது அல்ல.

ஃபிலிமை கேமராவில் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ரீவைண்டு குமிழை. கதவை மூடியதும் அந்தக் குமிழை மெதுவாக அம்புக்குறிப் பக்கம் திருப்பி, ஃபிலிமின் தொய்வை எடுத்துவிடுங்கள். பிறகு ஃபிலிமை நகர்த்தும் லிவரைத் தள்ளும்போது குமிழ் எதிர்ப்பக்கம் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. சுழலவில்லை என்றால் நீங்கள் வெறும் கேமராவில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் பழகிய நாளில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க அலைந்து எடுத்தேன். கவுன்ட்டர் 36ஐத் தாண்டியும் லிவர் நிற்கவில்லை. 37, 38 என்று எடுத்துக்கொண்டே போனேன். "இந்த ரோலில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள்" என்று சந்தோஷம் வேறு. கழுவிப் பார்த்தால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு படம் இல்லை. ஃபிலிமின் நாக்கு (வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை) சுருள்தண்டின் பல்லில் மாட்டவே இல்லை.

முடிந்ததும் அடியிலுள்ள பொத்தானை அமுக்கிவிட்டு ரீவைண்டு செய்யுங்கள். இறுக்கம் சட்டென்று விட்டுப்போகும் வரை சுற்ற வேண்டும். அதற்கு முன் கதவைத் திறக்காதீர்கள்.

மீட்டர் சொன்னபடிதான் வைத்தேன், முகம் கறுத்துப் போய்விட்டதே?

மீட்டர் பொய் சொல்லவில்லை. அதற்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்: எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் ஆக்குவது. வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் சாம்பல், கறுப்புக் கோட்டைக் காட்டினாலும் சாம்பல். 18 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை என்று சொல்கிறார்களே, ஏறக்குறைய அந்த நிறம்.

ஒருவர் வாசற்படி நிழலில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வெயில் அடிக்கும் முற்றம். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மீட்டர் 1/500, எஃப் 11 என்று காட்டுகிறது (எஃப் எண் அப்பர்ச்சரின் அளவு, எண் கூடினால் துளை சிறிது). காரணம், படச்சட்டத்தில் பாதிக்கு மேல் வெயில். இப்போது எழுந்து அவர் அருகே போய், முகம் மட்டும் நிறையும்படி பாருங்கள். 1/125, எஃப் 5.6 என்று காட்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்காகும் அல்லது பாதியாகும் ஒரு படி. ஷட்டரில் இரண்டு ஸ்டாப், அப்பர்ச்சரில் இரண்டு ஸ்டாப், ஆக நான்கு ஸ்டாப் வித்தியாசம். முதல் கணக்கில் எடுத்தால் அந்த முகம் நடுச் சாம்பலுக்கு நான்கு படி கீழே விழுகிறது. அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே பதியாது. நெகட்டிவில் பதியாததை எந்தப் பிரிண்டிலும் கொண்டுவர முடியாது.

அதனால் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குப் பழைய ஆட்கள் சொல்லும் வழி: எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழ விடும் வெளிச்சத்தின் அளவு) நிழலைப் பார்த்து, கழுவும் நேரம் வெளிச்சத்தைப் பார்த்து. விவரம் தெரிய வேண்டும் என்று நினைக்கும் நிழலைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, கறுப்புத் துணியின் மடிப்புகள். அருகே போய் மீட்டர் எடுங்கள். அது அந்தத் துணியைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஆகவே இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். துணி கறுப்பாகவும் இருக்கும், மடிப்பும் தெரியும். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த ஜோன் சிஸ்டத்தின் சாரம் இதுதான். அதை முழுவதும் படிக்க இப்போதே உட்கார வேண்டாம். இந்த ஒரு பாடத்தை வைத்தே ஒரு வருடம் ஓட்டலாம்.

சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்த வெளிச்சத்தைத் தாங்காது. ஸ்லைடு ஃபிலிமும் டிஜிட்டலும் இதற்கு நேர் எதிர். டிஜிட்டலில் பழகி வந்தவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

மீட்டரே இல்லாவிட்டால்?

வெயில் தெளிவாக இருந்தால் எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண். 400 ஃபிலிமுக்கு 1/500, எஃப் 16. லேசான மேகம் என்றால் எஃப் 11, திறந்த வெளியின் நிழல் என்றால் எஃப் 4. இது குருட்டு மனப்பாடம் அல்ல. சூரியன் எல்லா நாளும் ஒரே சூரியன்.

1941 நவம்பர் முதல் தேதி, நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் அருகே ஆடம்ஸுக்கு இதே கதி. கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயில், மேலே நிலா, ஆனால் மீட்டர் கைக்குச் சிக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு நினைவில் இருந்தது. சதுர அடிக்கு 250 கேண்டில். அதை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது நெகட்டிவ் எடுப்பதற்குள் சிலுவைகள் மீதிருந்த வெயில் போய்விட்டது. நிலாவும் வெயிலில் கிடக்கும் ஒரு பாறைதானே!

ஃபில்டர் வாங்க வேண்டுமா?

மஞ்சள் ஒன்று வாங்கி வைக்கலாம். வானம் கொஞ்சம் அடங்கி மேகம் எழும்பும். ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். சிவப்புக்கு மூன்று ஸ்டாப். வானம் கறுக்கும், முகத்திலுள்ள சிவப்புத் தழும்பு மறையும், உதடும் வெளுத்துவிடும். முதல் வாரம் எல்லோரும் சிவப்பு ஃபில்டர் பைத்தியமாக இருப்பார்கள், அது தானாகத் தெளியும்.

இரவில் எடுக்க 400 ஃபிலிமை 1600 ஆக வைத்துக் கழுவலாமா?

வைக்கலாம். 'புஷ்' என்பது அதுதான். ஆனால் நிழலில் புதிதாக ஒன்றும் முளைக்காது. வெளிச்சமான இடங்கள் மட்டும் மேலே ஏறும். கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம்) கூடும், கிரெயினும் கூடும். அந்தத் தோற்றம் பிடித்திருந்தால் சரி. ஒரு ரோல் முழுவதையும் அதே எண்ணில் எடுக்க வேண்டும், பாதியில் மாற்ற முடியாது.

ஃபிலிம் கழுவ இருட்டறை வேண்டுமா? சினிமாவில் சிவப்பு விளக்கு எரியுமே?

சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் காகிதத்துக்கு. அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. நீங்கள் எடுக்கும் ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். அதற்கு முழு இருட்டு வேண்டும். முழு இருட்டு என்றால் ஐந்து நிமிடம் நின்ற பிறகும் முகத்துக்கு முன் நீட்டிய கை தெரியக் கூடாது.

அந்த இருட்டும் ஃபிலிமை ரீலில் ஏற்றி டேங்கை மூடும் வரைதான். மூடிவிட்டால் மற்ற வேலையெல்லாம் சாதாரண வெளிச்சத்தில். அறை இல்லாவிட்டால் கைவிட்டு வேலை செய்யும் கறுப்புப் பை போதும்.

ரீலில் ஏற்றுவதுதான் எல்லோருக்கும் பயம். வீணான ஒரு ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்த்துக்கொண்டே, பிறகு கண்ணை மூடி, பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். ஃபிலிமின் நாக்கை வெட்டி, இரு மூலைகளையும் கத்தரியால் லேசாக வளைத்துவிடுங்கள். கூர்மையான மூலைதான் பிளாஸ்டிக் ரீலில் சிக்கும். ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் நின்றுவிடும். பைக்குள் கை வியர்த்தாலும் அதே கதைதான். நின்றுவிட்டால் முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். ஃபிலிம் மடிந்தால் நெகட்டிவில் நகக்கீறல் மாதிரி பிறைவடிவக் கறை விழும். எல்லாவற்றையும் டேங்கில் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்து, மூச்சு விட்டு, மறுபடி தொடங்குங்கள்.

டேங்குக்குள் என்னதான் நடக்கிறது?

வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. நெகட்டிவில் கறுப்பாகத் தெரிவது அந்த வெள்ளிதான். ஸ்டாப் பாத் என்பது லேசான அமிலம். டெவலப்பரை அந்த நொடியே நிறுத்தும். வெளிச்சம் படாமல் மிஞ்சிய உப்பை ஃபிக்ஸர் கரைத்து எடுத்துவிடுகிறது. பிறகுதான் ஃபிலிமை வெளிச்சத்தில் பார்க்கலாம். ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டுபிடித்திருந்தார். புகைப்படம் வந்த 1839இல் அது கைகொடுத்தது. ஃபிக்ஸரை இன்றும் பலர் ஹைப்போ என்றே சொல்வது அதனால்தான்.

எச்.பி.5 பிளஸ் ஃபிலிமை 400இல் எடுத்து, ஐடி-11 டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்தினால் 20 டிகிரியில் 13 நிமிடம். ஊற்றியதும் முதல் 10 நொடி நான்கு முறை டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு டேங்கின் அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், குமிழி ஒட்டியிருந்தால் விடும். அதன் பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு கவிழ்ப்பு. காக்டெயில் கலக்குகிற மாதிரி குலுக்கினால் ஃபிலிமின் ஓட்டைகளை ஒட்டிக் கோடுகோடாக அடர்த்தி ஏறும். அடுத்து ஸ்டாப் பாத், பிறகு ஃபிக்ஸர். ஃபிக்ஸர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வெட்டிய நாக்குத் துண்டை அதில் போடுங்கள். பால்நிறம் போய்த் தெளிய ஆகும் நேரத்தைப் போல இருமடங்கு ஃபிக்ஸ் செய்தால் போதும். தெளியவே நேரம் எடுத்தால் புதிது கலக்குங்கள்.

அலசுவதற்குத் தண்ணீரை மணிக்கணக்கில் திறந்துவிட வேண்டாம். டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. கடைசியாக, நீர்த்திவலை தங்காமல் வழிய உதவும் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு சேர்த்த தண்ணீர். தூசியில்லாத இடத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். ஈரமான ஃபிலிமை விரலால் வழிக்காதீர்கள். ஒரு மணல்துகள் போதும், 36 படத்திலும் ஒரே கோடு விழும்.

பொடியாக வரும் டெவலப்பரைப் பாதி இப்போது பாதி அப்புறம் என்று பிரித்துக் கலக்கக் கூடாது. உள்ளேயுள்ள பொருட்கள் சீராகக் கலந்திருக்காது. முழுப் பொட்டலத்தையும் கரைத்து, காற்று இல்லாமல் நிரம்பிய பாட்டிலில் தேதி எழுதி வையுங்கள்.

தண்ணீர் எப்போதும் சூடாகவே இருக்கிறது, 20 டிகிரிக்கு என்ன செய்வது?

டேங்கையும் பாட்டில்களையும் ஒரு வாளித் தண்ணீரில் நிற்க வைத்து, ஐஸ் கட்டிகளை வாளியில் போடுங்கள், டெவலப்பருக்குள் அல்ல. 20க்கு இறங்கவே இல்லை என்றால் 24இல் கழுவி நேரத்தைக் குறைக்கலாம். ஒரு டிகிரி ஏறினால் நேரம் சுமார் எட்டு முதல் பத்து சதவீதம் குறையும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் சரியான எண் இருக்கும். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகக் கூடாது, படம் திட்டுத்திட்டாக வரும். சம அளவு தண்ணீர் சேர்த்து நேரத்தை நீட்டி வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான். எல்லா ரசாயனமும், அலசும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கட்டும்.

நெகட்டிவ் ஏன் இப்படி வந்திருக்கு?

இதுதான் அந்தக் கேள்வி. மாணவர்கள் உடனே ஸ்கேனரைத் தேடி ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். ஸ்கேனரும் உங்கள் தப்பை மறைக்கத்தான் பார்க்கும். வெள்ளைக் காகிதத்தில் வெளிச்சம் பட வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே நெகட்டிவைப் பிடித்துப் பாருங்கள்.

முதலில் படங்களைப் பார்க்கக் கூடாது, ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் படவரிசை எண்களும் அங்கே இருக்கும். அவற்றைத் தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்திருக்கிறார்கள், உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அதனால் எழுத்து நல்ல கறுப்பாக வந்திருந்தால் கழுவியது சரி. எழுத்து கறுப்பாக இருந்து படங்கள் மட்டும் இல்லையென்றால் கேமராவில் ஃபிலிம் ஓடவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தே இல்லாமல் ஃபிலிம் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருந்தால் டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது முதலில் ஃபிக்ஸரை ஊற்றிவிட்டீர்கள். எழுத்து மங்கல் என்றால் கழுவிய நேரமோ சூடோ போதவில்லை. ஃபிலிம் முழுக்கக் கறுப்பு என்றால் எங்கோ வெளிச்சம் பட்டிருக்கிறது.

இப்போது படத்துக்கு வாருங்கள். உலகத்தில் இருட்டாக இருந்த இடம் நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும். அந்த வெளுத்த இடங்களில் ஏதாவது கோடு, மடிப்பு, முடி தெரிகிறதா? தெரியாவிட்டால் எக்ஸ்போஷர் குறைவு, அடுத்த முறை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நிழலில் விவரம் இருக்கிறது, ஆனால் வானமும் வெள்ளைச் சட்டையும் சோகையாக இருக்கின்றன என்றால் கழுவியது போதவில்லை. வெளிச்சமான இடங்கள் கரிக்கட்டை மாதிரி அடைத்துப் போயிருந்தால் அதிகம் கழுவிவிட்டீர்கள். நெகட்டிவை அச்சடித்த தாளின்மேல் வைத்து, ஆகக் கறுத்த பகுதி வழியே எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஓரளவு படிக்க முடிந்தால் சரியான அடர்த்தி. நிழலும் இல்லை, வெளிச்சமும் அடைத்திருக்கிறது என்றால் குறைவாக எடுத்து அதிகமாகக் கழுவியிருக்கிறீர்கள். மாணவர்களின் நெகட்டிவில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். எக்ஸ்போஷர் குறைந்துவிட்டதோ என்ற பயத்தில் கழுவும்போது இரண்டு நிமிடம் சேர்த்து விடுகிறார்கள்.

பால்போல் மங்கலாக இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. பயப்பட வேண்டாம், மறுபடி புது ஃபிக்ஸரில் போட்டு அலசினால் சரியாகும். குட்டி வட்டமாக வெளுத்த புள்ளிகள் இருந்தால் டேங்கைத் தட்ட மறந்திருக்கிறீர்கள்.

ஸ்கேன் செய்தால் போதாதா, பிரிண்ட் போட வேண்டுமா?

பகிர்ந்துகொள்ள ஸ்கேன் போதும். ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்வது. ஃபிலிமிலுள்ள வெள்ளி அந்தக் கதிரையும் தடுப்பதால், படத்தையே தூசி என்று நினைத்துச் சிதைத்துவிடும்.

ஆனால் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் கருவி) கிடைக்கிற இடத்தில் படிக்கிறீர்கள் என்றால் விடவே விடாதீர்கள். நல்ல நெகட்டிவ் எது என்று பிரிண்ட் போட்டவர்களுக்குத்தான் கையில் புரியும். ஒரு மோசமான நெகட்டிவோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினால், அடுத்த ரோலில் நீங்களாகவே நிழலுக்கு மீட்டர் எடுப்பீர்கள்.

முதல் பிரிண்டை எப்படித் தொடங்குவது?

முதலில் ரோல் முழுவதையும் ஒரே தாளில் வைத்து கான்டாக்ட் ஷீட். அதிலிருந்து ஒரு படம். காகிதம் மல்டிகிரேடு (ஃபில்டரால் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடியது), பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. வகை. ஃபைபர் காகிதம் அழகு, ஆனால் அலசவும் காயவைக்கவும் நேரம் தின்னும். கான்ட்ராஸ்ட் ஃபில்டர்கள் 00இலிருந்து 5 வரை இருக்கும். 2இல் தொடங்குங்கள்.

காகிதத்தில் ஒரு பட்டை வெட்டி, அட்டையால் மூடி, ஐந்து ஐந்து நொடியாக நகர்த்திக்கொண்டே வெளிச்சம் காட்டுங்கள். அதுதான் டெஸ்ட் ஸ்ட்ரிப். முகம் போல முக்கியமான இடத்தின் குறுக்கே பட்டையை வையுங்கள், வெற்று வானத்தில் வைத்துப் புண்ணியமில்லை. டெவலப்பரில் முழு நேரமும் விடுங்கள். கறுக்கிறதே என்று பாதியில் உருவினால் கறுப்பு சேறு மாதிரி வரும். சிவப்பு விளக்கின் கீழ் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும். ஃபிக்ஸ் செய்து வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். வெளுத்த இடங்கள் சரியாக வரும் நொடியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கறுப்பைப் பாருங்கள். கறுப்பு சாம்பலாக இருந்தால் ஃபில்டர் எண்ணைக் கூட்டுங்கள், அடைத்திருந்தால் குறையுங்கள். வெளுப்பை நேரம் பார்த்துக்கொள்ளும், கறுப்பை ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

அதன் பிறகுதான் கை வேலை. ஒரு பகுதிக்கு வெளிச்சத்தை மறைப்பது, ஒரு பகுதிக்குக் கூட்டிக் கொடுப்பது. இது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒவ்வொரு தொகுதியிலும் ஒருவர் கேட்பார். ஹெர்னாண்டஸ் நிலாப் படத்தை ஆடம்ஸ் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் அதே ஒன்றுதான்.

இந்த ரசாயனங்கள் ஆபத்தா?

கவனமாக இருந்தால் இல்லை. டெவலப்பரிலுள்ள மெட்டால், ஹைட்ரோகுயினோன் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் கொண்டுவரும். இன்று ஒன்றும் செய்யாது, பல மாதம் கழித்து ஆரம்பிக்கும். ஆகவே கையுறை, பிரிண்டுக்கு இடுக்கி. காற்றோட்டம் வேண்டும், ஃபிக்ஸரின் வாடை மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. அடர் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. சமைக்கும் பாத்திரத்தை இங்கே கொண்டுவரக் கூடாது, இங்கிருப்பதை அங்கே கொண்டுபோகவும் கூடாது. குளிர்பான பாட்டிலில் டெவலப்பர் ஊற்றி வைக்கிறவர்களை நான் வெளியே அனுப்பிவிடுவேன். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். சாக்கடையில் கொட்டாமல் சேர்த்து வைத்து, வெள்ளி பிரிப்பவர்களிடமோ ரசாயனக் கழிவு வாங்குபவர்களிடமோ கொடுங்கள்.

விமான நிலைய எக்ஸ்ரேயில் ஃபிலிம் கெடுமா?

பெட்டிகளை அனுப்பும் சரக்குப் பகுதியில் நிச்சயம் கெடும், ஃபிலிமைக் கையோடு கொண்டுபோங்கள். கைப்பைக்கும் இப்போது சி.டி. ஸ்கேனர்கள் வந்துவிட்டன, அவையும் ஃபிலிமுக்கு ஆகாது. ஒளி ஊடுருவும் பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நோட்டுப் புத்தகம் அவசியமா?

அவசியம். படத்துக்குப் படம் எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எதற்கு மீட்டர் எடுத்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். "7 - வாசல், முகத்துக்கு, 1/125, 5.6" இவ்வளவு போதும். கழுவியதும் அதே பக்கத்தில் டெவலப்பர், சூடு, நேரம். மூன்று ரோல் கழித்து நெகட்டிவையும் பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், என்னிடம் கேட்க வரும் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

எடுத்த ரோலைக் கழுவாமல் எவ்வளவு நாள் வைக்கலாம்?

சில மாதங்கள் வைத்தால் ஒன்றும் ஆகாது. சூடும் ஈரமும் இல்லாத இடமாக இருக்கட்டும். பதிந்த படம் மெல்ல மெல்ல மங்கும், உடனே மறைந்துவிடாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்டு 1984இல் இறந்தபோது ஏறக்குறைய 2,500 ரோல்கள் கழுவப்படாமல் கிடந்தன, பிறகு கழுவியபோது படங்கள் வந்தன. எடுத்த நேரத்து ஆசை வடியட்டும் என்று அவர் வேண்டுமென்றே தள்ளிப்போடுவார். அதை மேற்கோள் காட்டி ரோலைக் குவிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: அவருக்குத் தன் எக்ஸ்போஷர்மேல் சந்தேகம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. போன ரோலின் நெகட்டிவைப் பார்க்காமல் அடுத்த ரோலைப் போடாதீர்கள். தள்ளிப்போட்டே ஆக வேண்டும் என்றால் டப்பாமேல் தேதியையும், எந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்தீர்கள் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். நாக்கை முழுவதும் உள்ளே சுற்றிவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல் என்று நினைத்து இன்னொரு தடவை கேமராவில் போட்டுவிடுவீர்கள்.